சமையல் மேடைக்கு மைக்கா வெட்டிய விவரம்

பரமத்தி,
சேலம் ஜில்லா,
9-4-1984, திங்கட்கிழமை.

பெங்களூரில் இருக்கும் மச்சான் வேலுமணி அவர்களுக்கு,

பரமத்தியிலிருந்து கண்ணுசாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கள் தங்கை நல்லம்மாளும் சுகம். அங்கே தாங்களும் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டியது. போன மாதம் எழுதிய இரண்டு கடிதங்களிலும் இதே 'சுகம்' என்ற சொல்லைப் போட்டிருந்தேன். அது கடிதத்துக்குத் தலைப்பில் போட வேண்டிய சொல் என்பதற்காகப் போட்டது. இந்தத் தடவை உண்மையாகவே போட்டிருக்கிறேன். சமையல் மேடை முடிந்துவிட்டது மச்சான். தாங்கள் அனுப்பிய மைக்காவை வெட்டி, ஒட்டி, ஓரம் ராவி, துடைத்து வைத்தாகிவிட்டது. பங்குனி முடிய இன்னும் நாலு நாள் பாக்கி இருக்கிறது. ஆகவே சித்திரை பிறந்ததும் கார் பேசிக்கொண்டு வந்து தங்கையைப் பெங்களூருக்கு அழைத்துப் போவதாகத் தாங்கள் எழுதியிருந்தீர்களே, அந்தக் காருக்குச் சொல்லியிருந்தால் வேண்டாமென்று சொல்லிவிடவும்.

தாங்கள் அப்படி எழுதியதில் எனக்குக் கோபம் இல்லை. கூடப் பிறந்தவள் முழங்கால் வீங்கிப் பத்து நாள் சேலம் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாள். இனிமேல் தரையில் உட்கார்ந்து சமைக்கவே கூடாது, நின்றுகொண்டு செய்வதானால் செய்யலாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்படியிருக்க, வீட்டுக்காரன் ஒரு மேடை கட்ட மூன்று மாதம் எடுத்துக்கொண்டால் எந்த அண்ணனுக்குத்தான் பொறுக்கும்? ஆனால் அந்த மூன்று மாதமும் நான் சும்மா இருக்கவில்லை. நானேதான் சமைத்தேன். அதை 'நானேதான் சாப்பிட்டேன்' என்று அவள் சொல்லிக் காட்டாத நாளில்லை. கட்டிலில் உட்கார்ந்தபடி, உப்பு கூட, புளி கம்மி என்று கூப்பிட்டுச் சொல்லுவாள். சொல்லுகிற வரைக்கும் எனக்கு நிம்மதி. சில நாள் ஒன்றுமே சொல்லாமல் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். அந்த மாதிரி நாளில்தான் தங்கள் கடிதமும் வந்தது. படித்துக் காட்டினேன். போகிறேன் என்றும் சொல்லவில்லை, போகவில்லை என்றும் சொல்லவில்லை. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை, தங்களிடம் எழுதுகிறேன்.

அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே கொத்தனாரை வைத்துச் செங்கல் கட்டி மேலே பிளைவுட் பலகையும் போட்டுவிட்டேன். அதன்மேல் ஒட்டுகிற மைக்காதான் பாக்கி. தங்கள் கம்பெனியில் மிச்சமான கடைசித் துண்டு, அந்த வெளிர்நீலப் பூப்போட்டது இனிமேல் வராது, பார்த்து வெட்டச் சொல்லுங்கள் என்று எழுதி லாரியில் ஏற்றி விட்டிருந்தீர்கள் அல்லவா. அதைப் பாய்போலச் சுருட்டிக் கயிறு கட்டி டிரைவர் வாசலில் இறக்கிவிட்டுப் போனார். சுருட்டி வைத்த மைக்கா எப்படிப்பட்டது என்று தாங்கள் ஒரு வரி எழுதியிருக்கலாம். நான் பாட்டுக்கு அரிவாளால் கயிற்றை அறுத்தேன். அறுத்ததும் அது பாம்பு படமெடுத்த மாதிரி சடாரென்று விரிந்து என் மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்டது. அப்போதுதான் மோர்ச் சொம்புடன் உள்ளே வந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டு அத்தாயி மேல் இன்னொரு ஓரம் போய் இடித்தது. சொம்பு உருண்டு மோரெல்லாம் வாசலில். "கூப்புட்டு அடிக்கறதுக்கு இப்பிடி ஒரு வழியாங்க" என்று கேட்டுவிட்டு அந்த அம்மாள் காலிச் சொம்போடு திரும்பிப் போய்விட்டது. மைக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்ணாடிக்குக் காதுப் பக்கம் நூல் சுற்றியிருக்கிறேன்.

வெட்டிப் பழகுவதற்கென்று தாங்கள் கூடவே ஒரு சின்ன மைக்காத் துண்டும் வைத்து அனுப்பியிருந்தீர்கள். அதற்கு நன்றி. அந்தத் துண்டு இப்போது இல்லை. முதலில் வீட்டிலிருந்த ரம்பத்தால் அறுத்துப் பார்த்தேன். பல் பெரிய ரம்பம். அறுத்த இடம் எலி கடித்த அப்பளம்போல் ஆகிவிட்டது. அடுத்து, தகரம் வெட்டுகிற கத்தரியை இரவல் வாங்கி வந்தேன். கத்தரி ஒரு பக்கம் போக, விரிசல் இன்னொரு பக்கம் போய் முக்கோணமாக உடைந்தது. மூன்றாவதாக, பஸ் ஸ்டாண்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவர் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி இழுத்தால் வெண்ணெய் மாதிரி வரும் என்றார். இழுத்தேன். வெண்ணெய் வரவில்லை. புகையும் ஒரு நாற்றமும்தான் வந்தன. நல்லம்மாள் கட்டிலில் இருந்தபடியே இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்டாள்.

சரி, தொழில் தெரிந்தவனை வைத்துச் செய்வோம் என்று ஆசாரி பொன்னனைக் கூப்பிட்டேன். கதவு, ஜன்னல், ஏர் எல்லாவற்றிலும் கைதேர்ந்தவன். மைக்காவைத் தடவிப் பார்த்தான், தட்டிப் பார்த்தான், முகர்ந்துகூடப் பார்த்தான். இது மரமும் இல்லை தகரமும் இல்லை, இதற்கு என்ன நியாயமோ அதன்படி நடக்கும் என்று சொல்லிவிட்டு, ஒரு முனையில் ரம்பத்தை வைத்து ஓர் அங்குலம் அறுத்தான். அவ்வளவுதான், கட்டைவிரல் நகம் அகலத்துக்குப் பூவோடு பெயர்ந்து பறந்தது. பொன்னன் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான். நான் உட்கார்ந்துவிட்டேன். ஷீட் ஆறடி மூன்று அங்குல நீளம், இரண்டடி இரண்டு அங்குல அகலம். மேடை ஆறடிக்கு இரண்டடி. இருக்கிற மிச்சமே அவ்வளவுதான். அதில் நீளவாட்டில் ஓர் அங்குலம் போய்விட்டது. முப்பத்தோரு வருடம் சர்வேயராக இருந்து சங்கிலி பிடித்து ஏக்கர் கணக்கில் அளந்தவன், அன்றைக்கு மிச்சமிருந்த இரண்டு அங்குலத்தை மூன்று தடவை அளந்தேன். ஒவ்வொரு தடவையும் இரண்டு அங்குலமே வந்தது. நல்லம்மாளிடம் சொல்லவில்லை. பொன்னனும் சொல்லவில்லை. ஆனால் அவன் வழக்கமாகக் குடிக்கிற காப்பியைக் குடிக்காமல் போனதில் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் பொன்னனே வந்து, நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் டிரைவர் கேபினுக்குள் மைக்கா ஒட்டுகிறார்கள், அங்கே செங்கோடன் என்று ஒரு ஆள் இருக்கிறார், அவரைப் பார்த்தால் தேவலை என்றான். அதற்காக அவன் தன் மச்சினன்மாரிடம் எல்லாம் விசாரித்திருக்கிறான். பஸ் ஏறிப் போனேன். செங்கோடனுக்கு முப்பது வயதுதான் இருக்கும். காதில் பென்சில், வாயில் ஆணி. வெள்ளிக்கிழமை ஒரு புது வண்டிக்குப் பூசை, அதை முடிக்காமல் எங்கும் வர முடியாது, அதற்கப்புறம் இன்னும் இரண்டு வண்டி நிற்கிறது என்றார். பங்குனிக்குள் ஆக வேண்டும் என்று நான் விஷயத்தைச் சொன்னேன். தங்கள் கடிதத்தைப் பற்றியும் சொன்னேன், சொல்லக் கூடாதுதான். அவர் வாயிலிருந்த ஆணிகளை எடுத்து டப்பாவில் போட்டார்.

"அறுக்கப்படாதுங்க, கீறோணும்" என்றார். "அறுத்தா அது நம்மளப் பாத்துப் பல்லக் காட்டும். கீறி உட்டம்னா அதுவே வந்துக்கும்."

இரும்பு அறுக்கிற ஆக்ஸா பிளேடில் உடைந்தது ஒன்றை எடுத்துச் சாணைக்கல்லில் பிடித்துக் கிளிமூக்கு மாதிரி வளைவாகத் தீட்டி, பிடிக்கிற இடத்தில் சைக்கிள் டியூப் சுற்றி என் கையில் கொடுத்தார். இதுதான் கத்தி. கேபின் வேலையில் மிஞ்சிய பச்சை நிற மைக்காவில் என் கண் முன்னாலேயே கீறிக் காட்டினார். முதல் இழுப்பில் அழுத்தக் கூடாது, கோடு விழுந்தால் போதும். அப்புறம் அதே தடத்தில் பத்து இழுப்பு. இரும்புப் பட்டையை நமக்கு வேண்டிய நல்ல பக்கத்தின் மேல் வைத்துக்கொண்டு கீற வேண்டும், கை தப்பினால் கத்தி கழிவுப் பக்கம் போகும். சுவரை ஒட்டி வருகிற ஓரம் மட்டும் கச்சிதமாக இருக்கட்டும், மற்ற ஓரமெல்லாம் கால் அங்குலம் கூடவே விட்டு, ஒட்டின பிறகு அரத்தால் ராவிக்கொள்ளலாம். உள்மூலை வெட்ட வேண்டியிருந்தால் மூலையில் முதலில் ஒரு ஓட்டை போட்டுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அங்கிருந்து விரிசல் ஓடும். எல்லாவற்றையும் என் பழைய சர்வே நோட்டில் எழுதிக்கொண்டேன். இரும்புப் பட்டையும் கையால் சுற்றுகிற டிரில்லும் ஒரு வாரத்துக்கு இரவல் கொடுத்தார். யாரென்று தெரியாத ஆளுக்குக் கொடுக்கிறீர்களே என்றேன். "அம்மிணி ஊட்டுல இருக்கோணுமில்லீங்க" என்றார். பஸ்ஸில் வரும்போது அந்தப் பட்டையை நிற்க வைத்துக்கொண்டு வந்தேன், கண்டக்டர் அதற்கும் உட்கார இடம் கேட்பீர்களா என்றார்.

மேடையின் அளவுக்குப் பேப்பரில் அச்சு வெட்டி மேடைமேல் வைத்துப் பார்த்தபோது, மச்சான், கொத்தனார் கட்டிய சுவர் கோணல் என்று தெரிந்தது. மேடையின் ஒரு முனையில் அகலம் இரண்டடி, மறுமுனையில் முக்கால் அங்குலம் குறைவு. பின்மூலையில் ஒரு தூண் வேறு நாலுக்கு நாலு அங்குலம் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. அச்சை அதற்கேற்ப நறுக்கி, பழக்கதோஷத்தில் அதன்மேல் வடக்கு அம்புக்குறியும் போட்டேன். அந்தக் குறிதான் காப்பாற்றியது. கூடத்தில் மைக்காவை விரித்து அச்சை வைத்துக் கோடு போட்டு முடித்து, ஒரு தடவை தள்ளி நின்று பார்க்கிறேன், வடக்கு தெற்கே போய்க்கொண்டிருக்கிறது. அச்சைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அப்படியே வெட்டியிருந்தால் தூணுக்கான இடம் அடுப்புப் பக்கம் வந்திருக்கும். எல்லாவற்றையும் அழித்து மறுபடியும் போட்டேன். இதைப் பொன்னன் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அன்றைக்குப் பட்டையின் ஒரு முனையில் பாரத்துக்காக உட்கார வந்திருந்தான். மறுமுனைக்கு அம்மிக்கல்.

கீறினேன். முதல் இழுப்பு மெதுவாக. இரண்டு, மூன்று, நாலு. ஆறாவது இழுப்பில் பொன்னனுக்குத் தும்மல் வந்து பட்டை நகர்ந்து, கத்தி தடத்தை விட்டுச் சறுக்கி ஒரு சாண் தூரம் ஓடியது. குனிந்து பார்த்தேன். கீறல் கழிவுப் பக்கம்தான் விழுந்திருந்தது. செங்கோடன் சொன்னபடி பட்டையை நல்ல பக்கம் வைத்திருந்ததால் பிழைத்தோம். பொன்னனை மூக்கைப் பொத்திக்கொள்ளச் சொல்லிவிட்டு மிச்ச இழுப்பையும் முடித்தேன். இனி ஒடிக்க வேண்டும். நோட்டைப் பார்த்தேன். 'கழிவுப் பக்கத்தை' என்று எழுதியிருக்கிறேன், அதற்கப்புறம் மேலே தூக்கவா கீழே அழுத்தவா என்பது பஸ்ஸில் வந்த வியர்வையில் கலங்கிப்போய் வெறும் நீலமாக இருக்கிறது. பொன்னன் கீழே என்றான். எனக்கு மேலே என்று ஞாபகம், ஆனால் என் ஞாபகத்தை நான் அந்த மூன்று மாதத்தில் நிறைய நம்பி நிறையக் குழம்பைத் தீய்த்திருக்கிறேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பேசிக்கொண்டிருந்தோம்.

கட்டிலில் இருந்து நல்லம்மாள் சத்தம் கொடுத்தாள். "ஏனுங்க, கழிச்சுப் போடற பக்கந்தான் கெடக்குதில்ல? அதுல ஒரு வெரக்கடை கீறி ரண்டு விதமாவும் ஒடிச்சுப் பாக்கறது."

முப்பத்தோரு வருடத்து சர்வேயரும் இருபது வருடத்து ஆசாரியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கழிவு ஓரத்தில் விரற்கடை அகலம் கீறி ஒடித்தேன். கீழே அழுத்தியதில் பூ பிய்ந்து வந்தது. மேலே தூக்கியதில் டிக்கென்று கத்தி கொண்டு சீவின மாதிரி வந்தது. அப்புறம்தான் பெரிய கீறலுக்கு வந்து, நான் ஒரு முனையும் பொன்னன் ஒரு முனையுமாகக் கழிவை மேலே தூக்கினோம். முனையில் டிக்கென்றது. பிறகு அப்படியே ஆறடிக்கும் கிழிந்துகொண்டு போய் மறுமுனையில் நின்றது. பார்த்தால் ஒரு பிசிறு இல்லை, ஒரு பூ பெயரவில்லை. நானும் பொன்னனும் கழிவைக் கையில் பிடித்தபடியே அந்த ஓரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

உள்ளே இருந்து "என்னாச்சுங்க" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. மறுபடியும் "என்னாச்சுங்க, போயிருச்சா" என்றாள். அப்போது கட்டில் கிறீச்சிட்டது. திரும்பிப் பார்த்தால் கதவைப் பிடித்துக்கொண்டு நல்லம்மாள் நிற்கிறாள். மூன்று மாதத்தில் யார் கையையும் பிடிக்காமல் அவள் எழுந்து வந்தது அன்றைக்குத்தான். வெட்டின ஓரத்தைக் காட்டினேன். குனிய முடியாது என்பதால் நாங்கள் இரண்டு பேரும் தூக்கிப் பிடித்தோம். விரலால் ஒரு கோடியில் இருந்து மறுகோடி வரைக்கும் தடவிப் பார்த்துவிட்டு, "எங்கண்ணன் பூவு போகலீங்க" என்றாள்.

மீதி வேலையைச் சுருக்கி எழுதுகிறேன். தூணுக்கு வேண்டிய மூலையில் டிரில்லால் ஓட்டை போட்டுக்கொண்டு, கோட்டின்மேல் அவள் முழங்காலுக்கு வாங்கின பிளாஸ்திரியை ஒட்டி, பொடிப்பல் ஆக்ஸா பிளேடைத் துணி சுற்றிப் பிடித்து, பூப்பக்கம் மேலே இருக்கும்படி வைத்து மெதுவாக அறுத்தேன். பிளாஸ்திரி இருந்ததால் பெயரவில்லை. அது விட்டுப்போன பிசினை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் போய்விடுகிறது. ரப்பர் பசையைப் பலகையிலும் மைக்காவின் முதுகிலும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காய விட வேண்டும். காய விட்டுவிட்டு நாங்கள் காப்பி குடிக்கப் போன நேரத்தில் அத்தாயி வீட்டுக் கோழி மேடைமேல் ஏறி நடந்துவிட்டது. நாலடி தூரம் நடந்த பிறகுதான் அதற்கே நிலைமை புரிந்திருக்கிறது. அது போட்ட கூச்சலில் அத்தாயி ஓடிவந்து, மோரைக் கொட்டின மனுசன் இப்போது கோழியைப் பிடித்து ஒட்டுகிறான் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னது. கோழியை எடுத்துக் காலில் நல்லெண்ணெய் தடவி அனுப்பினோம். மேடையில் ஏழு காலடியும் மூன்று இறகும் இருந்தன. சுரண்டி எடுத்து மறுபடியும் பசை போட்டேன். தொட்டதும் பிடித்துக்கொள்ளும் பசை என்பதால், குறுக்கே மூங்கில் குச்சிகளைப் பரப்பி அதன்மேல் மைக்காவை இறக்கி, சுவரோடு அணைத்து, ஒவ்வொரு குச்சியாக உருவிக்கொண்டே நடுவில் இருந்து ஓரத்துக்கு அழுத்திக்கொண்டு போனோம். தூண் மூலை மோதிரம் விரலில் இறங்கின மாதிரி போய் உட்கார்ந்தது. மறுநாள் முன் ஓரத்தை அரத்தால் ராவினேன். கீழ்நோக்கித் தள்ளும்போது மட்டும் அழுத்தம், இழுக்கும்போது எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் பூ தூக்கிக்கொண்டு வரும். பட்டையையும் டிரில்லையும் செங்கோடனிடம் சேர்த்துவிட்டேன். வெட்டின ஓரத்துத் துண்டு ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ரிட்டயர் ஆன ஆள் என்றால் பட்டறைக்கு வரலாமே என்றார். இதைத் தங்கள் தங்கைக்கு நான் இதுவரை ஐந்து தடவை சொல்லியிருக்கிறேன்.

இப்போது மேடையில் மண்ணெண்ணெய் ஸ்டவ் ஏற்றி வைத்து ஒரு வாரமாக நான்தான் சமைக்கிறேன். பசை நன்றாக இறுகட்டும், வருகிற வெள்ளிக்கிழமை தங்கள் தங்கை நல்ல நேரம் பார்த்துப் பால் காய்ச்சி ஆரம்பிப்பாள். அதுவரைக்கும் அருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, கடுகு வெடிக்கிறது, வெங்காயத்தைப் போடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். முகத்தில் பழைய தெளிவு வந்துவிட்டது. நேற்று அத்தாயியோடு அரைமணி நேரம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். கோழி விஷயம்தான், என்னை வைத்துத்தான் சிரிப்பு, இருக்கட்டும். நல்ல சாமான் அனுப்பினீர்கள், நல்ல கெடுவும் வைத்தீர்கள். இரண்டும் இல்லாவிட்டால் நான் இன்னும் அளந்துகொண்டேதான் இருந்திருப்பேன்.

தங்கள் மனைவி, எனக்குத் தங்கை முறையான சென்னியம்மாளுக்கு என் விசாரிப்பு. குழந்தைகளுக்கு ஆசீர்வாதம், எல்லோரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். சித்திரையில் கார் எடுக்காமல் சாவகாசமாகப் பஸ்ஸில் வந்து, மேடையைப் பார்த்து, நல்லம்மாள் கையால் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போகவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
கி. கண்ணுசாமி,
பிர்கா சர்வேயர் (ஓய்வு)

பின்குறிப்பு:

அண்ணனுக்கு நல்லம்மா எழுதறது. இவுங்க கவர் ஒட்டப் பசை எடுக்கப் போயிருக்கறாங்க, அதுக்குள்ள எழுதறேன். மேலே எழுதுனதெல்லாம் நெசந்தான். ஆனா மேடையை இவுங்க ஒசரத்துக்கு அளந்து கட்டிப்போட்டாங்க. நாஞ் சேலத்துல இருந்தப்ப கட்டுனது, பாக்கலை. எனக்கு நெஞ்சுக்கு நிக்கிது. சட்டிக்குள்ள பாக்கோணும்னா முக்காலி போட்டு ஏறோணும், ஏறவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கறார். இவுங்ககிட்ட நாஞ் சொல்லலை. சொன்னா நாளைக்கே இடிச்சுப்போட்டு மறுக்காக் கட்டறேன்னு கெளம்பீருவாங்க. வெள்ளிக்கிழமை கேட்டாங்கன்னா காலு வலிக்குதுன்னு சொல்லிக்கறேன், அதுக்கடுத்த வெள்ளிக்கும் ஏதாச்சும் சொல்லிக்கறேன். இவுங்க வெக்கற ரசம் இப்ப நல்லாத்தான் இருக்குது. உங்க பதில் காயிதத்துல ஒசரத்தைப் பத்தி ஒரு வார்த்தை எழுதீராதீங்க. நாற்காலியில உக்காந்தா அந்த முன்னோரம் எங்கண்ணுக்கு நேரா இருக்குதுங்கண்ணா. தெனமும் பாத்துட்டிருக்கறேன், துளி கோணல் இல்லை.